பாப்பா வண்டிக்கு எத்தனை சக்கரம்?

திருப்பூரில் போய் 'தள்ளுவண்டி' என்று சொன்னால் யாருக்கும் குழந்தை ஞாபகம் வராது. காளான் மசாலா கொதிக்கிற வாசம்தான் வரும். அதனாலோ என்னவோ, கைக்குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வண்டிக்கு இந்த ஊரில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. கடைக்காரர் 'ஸ்ட்ரோலர்' என்கிறார். பேரனை வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்த அப்பாரு 'பிராம்' என்கிறார். வீட்டுக்குள் 'பாப்பா வண்டி' என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

பெயர் நிலைக்காவிட்டாலும் வண்டி வந்துவிட்டது. 2010-ல் புனேயில் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்க்ரை' 2024 ஆகஸ்டில் பங்குச் சந்தையில் இடம்பிடிக்கும் அளவுக்குக் குழந்தைப் பொருள் வியாபாரம் பெருத்திருக்கிறது. செல்போனில் தேடினால் மூவாயிரம், நாலாயிரம் ரூபாயில் ஆரம்பிக்கிற வண்டி, ஒரு பைக்கின் விலையை எட்டிப்பிடிக்கும் வரை வரிசை கட்டி நிற்கிறது. அந்த வரிசையில் கொஞ்சம் மிடுக்காகத் தெரிவது மூன்று சக்கர வண்டி. முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் சைக்கிளில் இருந்து கழற்றி மாட்டியதுபோல இரண்டு பெரிய சக்கரங்கள். படத்தில் ஒரு அம்மா அதைத் தள்ளிக்கொண்டே ஓடுகிறார். அவருக்குப் பின்னால் மரங்கள், புல்வெளி, வழவழவென்று ஒரு பாதை.

அந்தப் பாதையை மட்டும் கூரியரில் அனுப்பமாட்டார்கள்.

தங்கக் குழை தடுத்த தேர்

குழந்தைக்கு மூன்று சக்கரம் என்பது தமிழர்களுக்குப் புதிதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் குதிரை பூட்டாத சிறுதேர் ஒன்றை உருட்டி விளையாடுகிறார்கள். அதற்குச் சக்கரம் மூன்று. காயப்போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட, பெண்கள் காதுக் குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தத் தங்கக் குழை வழியில் கிடந்து தேரைத் தடுக்கிறது. ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவர், போகிறபோக்கில் சிறு சக்கரத்தின் ஆதாரப் பிரச்சினையையும் சொல்லிவிட்டார். சின்னச் சக்கரத்தை நிறுத்த ஒரு காதணி போதும்.

பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குக் கடைசிப் பருவமே சிறுதேர்தான். தேர்த் திருவிழாக் கடைகளில் இன்றும் தொங்குகிற மர நடைவண்டிக்கும் மூன்று சக்கரம். ஆனால் இவற்றில் குழந்தைதான் வண்டியைத் தள்ளும். குழந்தையை உட்காரவைத்துப் பெரியவர்கள் தள்ளுகிற வழக்கம் மேற்கிலிருந்து வந்தது. அங்கேயும் முதலில் தள்ளவில்லை, இழுத்தார்கள். 1733-ல் இங்கிலாந்தின் டெவன்ஷயர் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் வடிவமைத்த சிப்பி போன்ற வண்டியை இழுக்க ஆடோ மட்டக்குதிரையோ பூட்ட வேண்டியிருந்தது.

வண்டியை மடித்துக் கையில் தூக்கவைத்தவர் ஓவன் மெக்லாரன். இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரத் தாங்கி வேலையில் ஈடுபட்ட பொறியாளர். பறக்கும்போது கால்களை மடித்துக்கொள்கிற விமானத்தைப் பார்த்த கண்ணுக்கு, மகள் பேரக்குழந்தையோடு கொண்டுவந்த கனத்த வண்டி உறுத்தியது. 1965-ல் அலுமினியக் குழாய்களில், குடைபோல மடங்குகிற, மூன்று கிலோவுக்கும் குறைவான வண்டிக்குக் காப்புரிமை கோரினார். இன்று திருப்பூரில் அதிகம் விற்கிற மலிவான மடக்கு வண்டிகள் எல்லாம் அந்த வம்சம்.

மூன்று சக்கரம் வேறு வம்சம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் யாக்கிமா நகரில் ஃபில் பேக்லர் என்ற பத்திரிகையாளர், மகனை விட்டுவிட்டு ஓடப் போக மனமில்லாமல், வண்டியில் சைக்கிள் சக்கரம் மாட்டிப் பார்த்தார். 1984-ல் அது 'பேபி ஜாகர்' என்ற கம்பெனி ஆனது. 1992-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் பிறந்த 'மவுன்டன் பக்கி' அதே மூன்று சக்கரத்தை மலைப்பாதைக்கும் மண்பாதைக்கும் கொண்டுபோனது. மடக்கு வண்டி பேருந்துக்கும் விமானத்துக்கும் பிறந்தது, மூன்று சக்கரம் ஓட்டத்துக்கும் மேடுபள்ளத்துக்கும் பிறந்தது. இது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முக்காலி ஆடாது

மண்தரையில் நாற்காலி போட்டால் ஒரு கால் ஆடும், அடியில் அட்டை மடித்து வைப்போம். முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் ஒன்றாகப் பதியும். மூன்று சக்கர வண்டியின் முதல் பலம் இதுதான். குண்டும் குழியுமான இடத்தில் நான்கு சக்கர வண்டியின் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது, இது மூன்றையும் ஊன்றிக்கொண்டு போகும்.

இரண்டாவது பலம் சக்கரத்தின் அளவு. மலிவு வண்டிகளின் சக்கர விட்டம் சுமார் 15 சென்டிமீட்டர். மூன்று சக்கர வண்டிகளில் பின்சக்கரம் 30 சென்டிமீட்டரைத் தொடும், சிலவற்றில் தாண்டும். மூன்று சென்டிமீட்டர் மேடு ஒன்று குறுக்கே வருகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், சின்னச் சக்கரத்தை ஏற்றத் தேவைப்படும் விசையில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே பெரிய சக்கரம் ஏறிவிடும். தள்ளுகிற கைக்கு மிச்சமாவது அந்தப் பாதி. குழந்தையின் கழுத்துக்கு மிச்சமாவது அந்தக் குலுக்கல்.

முக்காலிக்கு ஒரு பலவீனமும் உண்டு. அதன் விளிம்பில் ஏறி நின்றால் கவிழ்த்துவிடும். மூன்று சக்கர வண்டியின் தாங்குதளம் முக்கோணம். முன்னால் போகப்போகக் குறுகிவிடும். வேகமாக வந்து சட்டென்று திருப்பினாலோ, நடைமேடை விளிம்பில் சாய்வாக இறக்கினாலோ முன்பக்கவாட்டில் சரிய வாய்ப்பு அதிகம். விளிம்பில் நேராகத்தான் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். நல்ல வண்டிகளில் முன்சக்கரத்தைப் பூட்ட ஒரு விசை இருக்கும். கடைவீதியில் நெளிந்து நெளிந்து போக அது சுழல வேண்டும், மண்பாதையிலோ வேகத்திலோ பூட்டியிருக்க வேண்டும். பூட்டாமல் ஓடினால் முன்சக்கரம் ஒரு கல்லில் பட்டுத் திரும்பி வண்டியையே குப்புறத் தள்ளும்.

அந்த ஒற்றைச் சக்கரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. 2018-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், 'பாப்' என்ற மூன்று சக்கர ஓட்டவண்டிகளை விற்ற பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிற நெம்புகோல் சரியாக இறுகாவிட்டால், போகிற போக்கில் சக்கரம் கழன்றுவிடுகிறது என்பது புகார். விவகாரத்தில் சிக்கியவை ஏறக்குறைய 5 லட்சம் வண்டிகள். வண்டியில் குறையில்லை, மாட்டுகிற விதத்தில்தான் பிழை என்றது நிறுவனம். அதே ஆண்டு நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. யார் சொன்னது சரியோ, வாங்குகிறவருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. முன்சக்கரம் கழற்றி மாட்டுகிற வகையா என்று கேட்டு, மாட்டிய பிறகு வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை இழுத்துப் பார்க்க வேண்டும்.

இட்டேரிக்கு ஒன்று, லைன் வீட்டுக்கு ஒன்று

இனி ஊருக்கு வருவோம்.

அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் சுற்றுவட்டாரத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிற குடும்பம் என்றால் யோசிக்க அதிகமில்லை. வாசலில் இறங்கினால் மண், இட்டேரியில் நடந்தால் கல், முள், வண்டித்தடம். மடக்கு வண்டியின் சின்னச் சக்கரம் அங்கே பத்தடி போகாது. மூன்று சக்கரம் போகும். கவலைப்பட வேண்டியது நெருஞ்சி முள்ளுக்குத்தான். காற்றடித்த டயர் குலுக்கலை நன்றாக வாங்கிக்கொள்ளும், ஆனால் பஞ்சர் ஆகும். ஃபோம் நிரப்பிய டயர் பஞ்சர் ஆகாது, குலுக்கலைக் கொஞ்சம் மேலே அனுப்பும். காற்று டயர் வாங்குகிறவர்கள் வால்வு எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது. தெருமுனை பஞ்சர் கடையில் காற்றடிக்க முடியாத வால்வு என்றால் அந்த வண்டி பரணுக்குத்தான் போகும்.

மாநகருக்குள் கதை மாறுகிறது. பனியன் கம்பெனிக்குப் போகிற குடும்பம் இருப்பது பெரும்பாலும் லைன் வீடு, அல்லது மாடியில் ஒரு போர்ஷன். மூன்று சக்கர ஓட்டவண்டியின் எடை பொதுவாக 11 முதல் 14 கிலோ. ஒரு வயதுக் குழந்தை 9, 10 கிலோ. இரண்டையும் சேர்த்து ஒரே ஆள் குறுகலான மாடிப்படியில் ஏற்ற முடியாது. குழந்தையை மேலே விட்டுவிட்டு வண்டிக்கு இறங்கினால் குழந்தை தனி. வண்டியைக் கீழேயே விடலாம் என்றால், பொதுவாசலில் நான்கு டூவீலருக்கு நடுவே இடம் வேண்டும். மடித்தாலும் மூன்று சக்கரம் குடைபோல ஒடுங்காது. பின்சக்கரங்களைக் கழற்றினால்தான் கட்டிலுக்கு அடியில் போகும்.

டூவீலர் என்றதும் இன்னொன்று. திருப்பூர்க் குடும்பத்தின் கார் என்பது ஸ்கூட்டிதான். ஆறு கிலோ மடக்கு வண்டியைக் காலுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு போய்விடலாம். பதிமூன்று கிலோவை முடியாது. குழந்தையோடு டூவீலரில் போவதற்கே 2023 பிப்ரவரியில் இருந்து விதி இருக்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், ஒன்பது மாதம் முடிந்திருந்தால் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் வண்டியையும் சுமப்பது அந்தப் பயணத்துக்கு ஆகாது.

டவுன் பஸ்ஸில்? 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம். ஆனால் படி ஏற வேண்டும், கூட்டத்தில் நிற்க வேண்டும். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலிருந்து பேருந்தில் வண்டியை மடிக்காமல், குழந்தையை இறக்காமல் ஏற்றலாம். தாழ்தளமும், சக்கரத்தை நிறுத்திவைக்க ஓர் இடமும் அங்கே உண்டு. சிங்கப்பூர்த் தமிழர் அனுப்பிவைத்த வண்டி திருப்பூர் வந்ததும் சோர்ந்துபோவதற்குக் காரணம் வண்டியில் இல்லை.

நடைபாதைக்கும் ஓர் அளவு உண்டு. இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றது. மூன்று சக்கர வண்டியின் அகலம் 60 முதல் 65 சென்டிமீட்டர்தான். ஏட்டில் உள்ளபடி இருந்தால் ஒன்று போக, ஒன்று வர, நடுவில் ஒருவர் நின்று பேசவும் இடம் இருக்கும். 2017-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் திருப்பூர் சேர்ந்தது. ஆனாலும் குமரன் ரோட்டிலோ காதர்பேட்டைச் சந்துகளிலோ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி தள்ளிப் பார்த்தால் தெரியும். நிறுத்திவைத்த பைக், கடை வாசலுக்கு வெளியே வழிகிற பனியன் குவியல், விலகிக் கிடக்கிற சாக்கடை சிலாப். பட்டினப்பாலையில் குறுக்கே கிடந்தது தங்கம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். சிலாப்புகளுக்கு இடையிலான சந்து ஒற்றை முன்சக்கரத்துக்குப் பொறியாகவே அமையும். கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்டும் பழக்கம் வர வேண்டும்.

பட்டனுக்கு 90 நியூட்டன், பெல்ட்டுக்கு?

2024-25-ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வண்டியில் சவாரி போகிற எத்தனையோ குழந்தைகளின் உடம்பில் இருப்பது இந்த ஊர்த் துணி. அந்தக் குட்டிச் சட்டையின் ஸ்நாப் பட்டனை இங்கே சும்மா பொருத்தி அனுப்பிவிட முடியாது. வெளிநாட்டு பையர்கள் பலர் கேட்பது 90 நியூட்டன் விசையில் 10 விநாடி இழுத்தும் பிய்யாத பட்டன். 9 கிலோ எடையை அதில் தொங்கவிட்டதற்குச் சமம். குழந்தை கடித்து இழுத்து விழுங்கிவிடக்கூடாது என்பதற்காக. உடைந்த ஊசி முனை தங்கியிருக்கிறதா என்று பெட்டி கட்டும் முன் மெட்டல் டிடெக்டரில் விடுவார்கள். செக்கிங் டேபிளில் உட்காருகிற பெண்ணுக்கு இதெல்லாம் அத்துப்படி.

அதே பெண் சொந்தப் பிள்ளைக்கு வண்டி வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டியதில்லை. அவர் கண்ணுக்கு அங்கேயும் வேலை உண்டு. ஐரோப்பாவின் இ.என். 1888, அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப்833 ஆகிய இரண்டும் இந்த வண்டிகளுக்கான தர விதிகள். வண்டியிலோ பெட்டியிலோ இவற்றில் ஒன்று அச்சிட்டிருக்கிறதா என்பது முதல் செக்கிங். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து முனையில் பூட்டுகிற பெல்ட் வேண்டும். அதன் தையலை, சட்டையின் தோள் தையலைப் பார்க்கிற மாதிரியே பார்க்கலாம். மூன்று சக்கரம் என்றால் கைப்பிடியில் ஒரு மணிக்கட்டுப் பட்டை அவசியம். சரிவில் கை நழுவினால் பெரிய சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும்.

மடிப்புமூட்டில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்பது அடுத்தது. 2009 நவம்பரில் மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் வண்டிகளுக்கு மூட்டை மூடும் உறை கொடுக்க வேண்டிவந்தது. விரித்து மடிக்கும்போது மூட்டில் சிக்கிப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு விரல்நுனி துண்டாகியிருந்தது. மடிக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தை கையெட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது.

இரண்டு விஷயங்களை இங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஒன்று, பிரேக். பல வண்டிகளில் மிதித்தால் பூட்டும், கால்விரல் நுனியால் மேலே தூக்கினால் விடும். ஷூ போட்ட காலுக்கு அது சரி, ரப்பர் செருப்புக்கு வலிக்கும். மிதித்தால் பூட்டி மறுபடி மிதித்தால் விடுகிற வகை நம் காலுக்குத் தோது. இன்னொன்று, சேலை. அம்மிச்சி தள்ளிக்கொண்டு போகும்போது முந்தானையோ கொசுவமோ பின்சக்கரத்தில் சுற்றாமல் இருக்குமா என்று கடையிலேயே நாலடி நடந்து பார்த்துவிடலாம். சுடிதார் ஷாலுக்கும் அதே சோதனை. கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டினால் வண்டி பின்பக்கம் சாயும். மூன்று சக்கரத்துக்கு முன்னால் பாரம் குறைவு என்பதால் குழந்தையை எடுத்த நொடியில் மல்லாந்துவிடும். பையை வைக்க இருக்கைக்கு அடியில் கூடை இருக்கிறது.

வெயிலும் புகையும்

சித்திரை வெயிலில் குழந்தை முகத்தில் படாமல் இருக்க வண்டிமேல் ஒரு துண்டைப் போர்த்துவதுதான் யாருக்கும் முதலில் தோன்றுவது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். உலர்ந்த மஸ்லின் துணி போர்த்திய வண்டிக்குள் வெப்பம் இரண்டரை டிகிரிக்கு மேல் கூடியது. தடித்த ஃபிளானல் துணியில் இன்னும் அதிகம். அதே மஸ்லினை நனைத்துப் போட்டு, சின்ன மின்விசிறியும் மாட்டியபோது உள்ளே ஏறக்குறைய 5 டிகிரி குறைந்தது. துணி காயக் காய மறுபடி நனைக்க வேண்டும், காற்று போக வழி இருக்க வேண்டும். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளியே கொண்டுபோகாமலே இருப்பது எல்லாவற்றிலும் சுலபம். துணி ஊர்க்காரர்களுக்கு வேறொன்றும் கண்ணில் படும். இருக்கைகள் பெரும்பாலும் கறுப்பு பாலியஸ்டர். வெளிர் நிறத்தில், காற்றோட்டமான வலைத்துணி முதுகு கொண்டதைத் தேடலாம்.

புகைக்கும் கணக்கு உண்டு. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் தலைமையிலான குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வண்டியில் இருக்கும் குழந்தை, தள்ளிக்கொண்டு நடக்கும் பெரியவரைவிட 44 சதவீதம் வரை கூடுதலாக மாசை சுவாசிக்கிறது. வாகனத்தின் புகைக்குழாயும் குழந்தையின் மூக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். பல்லடம் ரோடு, அவிநாசி ரோடு சிக்னலில் நிற்கிற லாரிக்குப் பின்னால் வண்டியோடு நிற்பதைவிட, நாலு தெரு சுற்றிப் போவது மேல். ஓட்டவண்டிகளில் பல தாழ்வான இருக்கை கொண்டவை. உயரமான இருக்கை இந்த விஷயத்தில் உதவும்.

குழந்தை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் விலைப்பட்டியலில் அடங்காத கேள்வி. ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் சூசன் ஸீடிக், 2008-ல் தெருவில் போன 2,722 பெற்றோர்-குழந்தை ஜோடிகளைக் கவனித்தவற்றைத் தொகுத்தார். குழந்தை தங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது பெற்றோர் பேசியது, வெளியே பார்த்து உட்கார்ந்திருந்தபோது பேசியதைப்போல இரண்டு மடங்கு. மூன்று சக்கர வண்டிகளில் பெரும்பாலானவை குழந்தையைச் சாலையைப் பார்க்க உட்காரவைப்பவை. சில மாடல்களில் மட்டும் இருக்கையைத் திருப்பிப் போடலாம். கழுத்து நிற்காத பச்சைக்குழந்தைக்கு மட்டமாகச் சாய்கிற இருக்கை வேண்டும். வண்டியோடு ஓடுவது, ஆறு மாதமாவது முடிந்து, டாக்டரைக் கேட்டபிறகுதான்.

யார் தள்ளப்போகிறார்கள்?

2017-ல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது அதே திருத்தம். ஏழாவது மாதம் அம்மா தையல் மிஷினுக்குத் திரும்பும்போது, வண்டியின் கைப்பிடி அம்மிச்சி கைக்கோ அப்பாரு கைக்கோ போகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற அம்மாவும் அப்பாவும் தள்ளுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அப்படியானால் கைப்பிடி உயரமும் எடையும் தாத்தா பாட்டிக்குப் பொருந்த வேண்டும். கடைக்கு அவர்களையும் கூட்டிப்போக வேண்டும்.

போகும்போது பத்து கிலோ அரிசிப் பை ஒன்றையும் எடுத்துப் போகலாம். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். பையை இருக்கையில் வைத்து ஐந்து முனை பெல்ட்டையும் பூட்டி, கடை வாசல் படியில் ஒரு முறை இறக்கி, எதிர்ச்சாரி சாக்கடை சிலாப்பை ஒரு முறை தாண்டி, மடித்து ஸ்கூட்டியில் ஏற்றிப் பார்க்கட்டும் அம்மிச்சி. அரிசி சிந்தாமல் திரும்பி வந்தால், சக்கரம் மூன்றா நான்கா என்று அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.